"சவத்தைக் கழற்றி வச்சுட்டேன்": சிபாப் மாட்டுகிறவர்களின் புகாரும் அதற்கு வழியும்

"அந்தச் சவத்தைக் கழற்றி அங்ஙன வச்சுட்டேன் தம்பி." திருநெல்வேலிப் பக்கம் சிபாப் மிஷின் இருக்கிற வீடுகளுக்குப் போனால் வாசலிலேயே எனக்குக் கிடைக்கும் வரவேற்பு இது. சிபாப் என்பது உறக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்தே வைக்கிற மிஷின். மிஷின் பீரோ மேலே துண்டு போர்த்திக் கிடக்கும். "ரெண்டு நாள் மாட்டுனாவ, பொறவு தொடவே இல்ல" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"ஏன் மாட்டல?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சண்டையில்தான் முடியும். "கழற்றும்போது மணி என்ன, என்ன செஞ்சுது?" என்றுதான் கேட்பேன். பதிலில் நோய் இருக்காது; சின்னதாக ஒரு கோளாறு இருக்கும். வார் இறுக்கம், மீசை, தண்ணீர் டப்பா, ராத்திரிப் புரோட்டா. அதைச் சரிசெய்தால் பாதிப் பேர் மறுபடி மாட்டிவிடுகிறார்கள். அதனால் இந்த வழிமுறையை அவர்கள் சொல்லும் வார்த்தைகளை வைத்தே எழுதுகிறேன். உங்கள் வாயில் எது வருகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

முதலில் ஒரு எல்லை. காற்றின் சூடு, ஈரம், ராம்ப் (காற்றை மெதுவாகத் தொடங்கி ஏற்றும் வசதி), மாஸ்க்கின் அளவு, இதெல்லாம் நீங்கள் மாற்றிப் பார்க்கலாம். காற்றின் பிரஷர் எண்ணை மட்டும் தொடாதீர்கள். 4 முதல் 20 வரை போகிற அந்த எண், உறங்கும்போது மூச்சை அளக்கிற ஸ்லீப் ஸ்டடியைப் பார்த்து டாக்டர் வைத்தது. யூடியூப் பார்த்து ரகசிய மெனுவுக்குள் போகிற மருமகன்களால் எனக்கு வந்த வேலை கொஞ்சமில்லை.

"மாட்டினா மூச்சு முட்டுது"

இது ஒரே புகார் மாதிரித் தெரியும். உள்ளே மூன்று இருக்கிறது.

வெளியே விடும்போது காற்று எதிர்த்துத் தள்ளுகிறதா? அப்படியானால் மூச்சை விடும் நேரத்தில் மட்டும் காற்றைக் குறைக்கிற வசதி மிஷினில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேர் வேறு. அது அணைந்து கிடந்தால் போடச் சொல்லுங்கள். ராம்ப்பையும் போடுங்கள். படுத்ததும் மெதுவாகத் தொடங்கி, கண் அயரும் நேரத்துக்குள் பிரஷரை ஏற்றும்.

உள்ளே இழுக்கும்போது காற்றுப் பத்தவில்லையா? இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ராம்ப் 4-இல் தொடங்கினால் நல்ல ஆகிருதியான ஆளுக்கு அது தம்ளரில் ஆற்றைக் குடிக்கிற மாதிரி. முட்டுகிறது என்று சொன்னவுடன் எல்லாரும் காற்றைக் குறைக்கிறார்கள். அவருக்கு இன்னும் முட்டும். தொடக்க அளவைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, காற்றில் ஒரு குறையும் இல்லை, முகத்தை மூடுவதுதான் பயம். கிணற்றில் ஒருதரம் தத்தளித்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். இதை ராத்திரியில் பழக முடியாது, பகலில்தான் முடியும். கல்லிடைக்குறிச்சியில் ஓர் ஆச்சிக்கு இப்படித்தான் ஆரம்பித்தோம். வாரை மாட்டவே இல்லை. டிவியில் சீரியல் ஓடும்போது மாஸ்க்கை வெறும் கையால் மூக்கில் பிடித்துக்கொள்வார். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், கை அவருடையது. நாலு நாள் கழித்து மிஷினை ஓடவிட்டு, அதே மாதிரி கையால். பிறகு வார். பிறகு மத்தியானக் கோழித்தூக்கம். பத்துப் பன்னிரண்டு நாளாயிற்று ராத்திரிக்கு வர. "விளம்பரம் போடுத நேரம் எடுத்துக்கிடலாம்லா?" என்று அவர் கேட்டார், எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"கண்ணுக்குள்ள காத்து அடிக்குது, புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்"

மாஸ்க் லீக். நான் போகிற வீடுகளில் பெரிய பங்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

லீக் என்றதும் எல்லாரும் செய்வது வாரை இறுக்குவது. அதுதான் தப்பு. மாஸ்க்கின் சிலிக்கான் மெத்தை காற்றில் லேசாக உப்பித்தான் முகத்தோடு ஒட்டும். இறுக்கினால் அது நசுங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பு வழியாக இன்னும் அதிகமாக ஒழுகும். காலையில் மூக்குத்தண்டில் சிவப்புத் தடம் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். அங்கே தோல் உரிந்திருந்தால் அந்த மாஸ்க்கைத் தொடர வேண்டாம். மூக்குத்தண்டைத் தொடாத வேறு வகைக்கு மாறுங்கள்.

சரியாக மாட்டும் முறை இது. உட்கார்ந்து மாட்டாதீர்கள். படுத்தால் கன்னம் சரியும், முகத்தின் வடிவமே மாறும். நீங்கள் உறங்கும் பக்கமாகவே படுங்கள். மிஷினை ஓடவிடுங்கள். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள், மெத்தை உப்பட்டும், அப்படியே பைய முகத்தில் வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சத்தம் நின்ற இடத்தோடு கையை எடுத்துவிடுங்கள். வாருக்கடியில் இரண்டு விரல் போக வேண்டும். பல் செட் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு உறங்குகிறவர்களானால் கழற்றியபின்தான் அளவு பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கன்னம் உள்ளே போய் ராத்திரி முழுக்க ஒழுகும்.

அடுத்தது எண்ணெய். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும், நாளாக ஆகக் கெட்டும் போகும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று ராத்திரி லீக் கூடுவதைப் பல பேர் மிஷின் திரையில் பார்த்துவிட்டு, மிஷின் கெட்டுவிட்டது என்று எனக்கு போன் போடுவார்கள். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், க்ரீம் வேண்டாம். காலையில் மெத்தையை மட்டும் மெல்லிய சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் விறைத்துவிடும்.

மீசை. இதைப் பேசும்போது நானும் குரலைத் தாழ்த்துவேன். முறுக்கு மீசைக்கு மேல் மூக்கு மாஸ்க் வைத்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? எடுக்கச் சொன்னால் மிஷினைத்தான் திருப்பித் தருவார்கள். நாசித் துளையிலேயே செருகி உட்காரும் சின்ன மெத்தை வகை ஒன்று உண்டு. அது மீசைமேல் படாது. அதுவும் முடியாதென்றால், மூக்குக்கு நேர்கீழே ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் கத்தரித்துக்கொள்ளலாம், வெளியே தெரியாது. பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சி மூன்று மாதம் யோசித்து ஒத்துக்கொண்டார்.

அளவு தப்பாகவும் இருக்கலாம். நானும் ஆறு வருஷமாக மாட்டுகிறவன்தான். எனக்கு முதலில் விற்ற கடைக்காரர் கையிருப்பில் இருந்த பெரிய சைஸையே தந்து, "போகப் போகப் பழகிரும்" என்றார். பெரிய மாஸ்க் முகத்துக்குப் பழகாது. உங்கள் முகத்தை அளந்து சிறியது, நடுத்தரம் எல்லாம் மாட்டிப் பார்க்கவிடாத இடத்தில் வாங்காதீர்கள்.

"வாய் காஞ்ச பனையோலையா கிடக்கு"

மூக்கு மாஸ்க் போட்டு வாய் திறந்து உறங்கினால் காற்று மூக்கில் போய் வாய்வழி வெளியேறும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாய் ஏன் திறக்கிறது என்று பாருங்கள். அனேகமாக மூக்கு அடைத்திருக்கும். அப்படியானால் அடுத்த தலைப்பு. மூக்கு நன்றாக இருந்தும் தாடை தொங்கினால் தாடைப் பட்டி போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். வாயில் டேப் ஒட்டிக்கொள்வது இப்போது ஒரு மோஸ்தர். மூக்கடைப்போ, வாந்தி வரும் உபாதையோ இருப்பவருக்கு அது ஆபத்து. எனக்கு அதில் சம்மதமே இல்லை.

"மூக்கு அடைக்குது, தும்மித் தும்மிச் சாகுதேன்"

வறண்ட காற்று மூக்கை எரிச்சலாக்கும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஈரத்தை ஒரு படி கூட்டுங்கள், இரண்டு நாள் பாருங்கள், பிறகு இன்னொரு படி. ஒரே ராத்திரியில் கடைசி எண்ணுக்குப் போகாதீர்கள். படுக்கும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போடலாம். உடனே திறக்கும் மூக்கடைப்பு ஸ்பிரேயைத் தினமும் அடிக்காதீர்கள். சில நாளில் அதுவே அடைப்பைக் கூட்டும்.

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறமாக இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். வீட்டில் பீடி சுற்றுகிற முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் புகையிலைத் தூளும், தீபாவளி வாரத்தில் எல்லா ஊரிலும் வெடிப்புகையும் ஏறும். தூக்கிப்போடும் வகையை மாதம் ஒன்று மாற்றுங்கள். கறுத்துவிட்டால் அதற்கு முன்பே. அதைக் கழுவிப் போட முடியாது.

வருஷம் முழுக்க ஒரே துவாரம் அடைப்பு என்றால் எலும்பு வளைவாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு உண்டு.

"டியூப்புக்குள்ள தண்ணி கொடகொடங்குது"

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கியதும் தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து போன் வரத் தொடங்கும். டப்பாவில் சூடாகிற ஈரக்காற்று குளிர்ந்த டியூப்பில் பட்டு நீராகிறது. பாதி ராத்திரியில் முகத்தில் சொட்டும். தூக்கத்தில் இருக்கிறவருக்கு அருவியில் நிற்கிற கனவு வருமோ என்னவோ.

ஈரத்தை ஒரு படி குறையுங்கள். ஃபேன் நேராக டியூப்பில் படாமல் கட்டிலைத் திருப்புங்கள். ஏசி இருந்தால் 26-க்குக் கீழே போகாதீர்கள். மிஷின் தலையைவிடத் தாழ்வான ஸ்டூலில் இருக்கட்டும். தண்ணீர் முகத்துக்கு வராமல் டப்பாவுக்கே திரும்பும். பாயில் படுக்கிறவர்களுக்கு அதற்கு வழியில்லை. அவர்களுக்கு டியூப் உறைதான் வழி: பழைய பருத்தி வேட்டியை நீளமாகக் கிழித்து, தெருமுனைத் தையல்காரரிடம் குழல் மாதிரி அடித்து வாங்கி டியூப்புக்குப் போடுங்கள். கடையில் விற்கும் உறையைவிட இது நன்றாகவே இருக்கிறது. மிஷினை வெறும் தரையில் வைக்காமல் மணைமேல் வையுங்கள், தூசி ஏறாது.

சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். அனல் ராத்திரியில் சூடான காற்று வந்தால் யார்தான் மாட்டுவார்? சூட்டை அடியோடு அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.

"டப்பா அடியில வெள்ளை வெள்ளையாப் படியுது"

போர் தண்ணீர். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஒரு மாதத்திலேயே டப்பா சுண்ணாம்புக் கலயம் ஆகிவிடும். கொதிக்கவைத்து ஊற்றினேனே என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்றிய அளவுக்கு உப்பு கூடத்தான் செய்யும். டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கிடைக்காத அன்றைக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம், ஆனால் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டு டப்பாவைக் காயவைக்க வேண்டும். பழைய தண்ணீர்மேல் புதுத்தண்ணீர் ஊற்றவே கூடாது. படிந்ததை எடுக்க ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவுங்கள்.

அந்த டப்பாவில் யூகலிப்டஸ் தைலம் விட்ட ஒரு வீட்டையும் பார்த்தேன். சளிக்கு நல்லது என்று தாத்தாவுக்குப் பாட்டி செய்த உபகாரம். ஆவி பிடிக்கிற சட்டி அல்ல அது. தைலம் நேராக நுரையீரலுக்குப் போகும், டப்பாவும் பாழ்.

"வயிறு ஊதிக்கிடுது, விடிஞ்சா ஒரே ஏப்பம்"

காற்று மூச்சுக்குழலுக்குப் பதில் உணவுக்குழலில் இறங்குகிறது. ராத்திரி பத்தரைக்குப் புரோட்டாவும் சால்னாவும் முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு மல்லாந்து படுத்தால் கட்டாயம் வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விட்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். லீக்கும் இதைக் கூட்டும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் பிரஷர் தேவைக்கு மேல் இருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

"என் வீட்டுக்காரிக்கு உறக்கமில்ல"

மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதிலிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும். அது லீக் அல்ல. நீங்கள் விடுகிற கெட்ட மூச்சு வெளியே போகிற வழி அதுதான். அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் மயினி முகத்தில் காற்று அடிக்கிறது என்று அண்ணன் அந்த ஓட்டைகள்மேல் வெள்ளைப் பிளாஸ்திரியை அளவாக வெட்டி, ஓரம் பிசிறில்லாமல் அழகாக ஒட்டியிருந்தார். "நாலு நாளா விடிஞ்சா மண்டை வெடிக்கி" என்றார். விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? பிளாஸ்திரியை உரித்தெடுத்தேன், கட்டிலில் இருவரும் இடம் மாறிப் படுத்தார்கள், முடிந்தது. அந்த ஓட்டையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள்.

"விடிஞ்சு பார்த்தா மாஸ்க் தலகாணிக்கு அடியில கிடக்கு"

கழற்றியதே நினைவிருக்காது. திட்டிப் பிரயோசனமில்லை, உறக்கத்தில் கை தானாகச் செய்வது. மூக்கு அடைத்ததா, லீக் கூடியதா, பிரஷர் பத்தவில்லையா என்று மேலே உள்ளவற்றைச் சரிபாருங்கள். பல மிஷின்களில் மாஸ்க் கழன்றால் சத்தம் போடும் அலாரம் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். முழித்ததும் மணி மூன்றானாலும் நாலானாலும் திரும்ப மாட்டுங்கள். கனவு காணும் உறக்கம் விடியற்காலத்தில்தான் அதிகம், மூச்சு நிற்பது பலருக்கு அந்த நேரத்தில்தான் மோசம். அதனால் பத்திலிருந்து இரண்டு வரை மாட்டிக் கணக்கு முடிப்பதில் லாபம் குறைவு. ராத்திரிக்கு 4 மணி நேரம், பத்து நாளில் ஏழு நாள் என்பது அமெரிக்காவில் காப்பீட்டுக்கு வைத்த குறைந்தபட்சக் கணக்கு. உங்கள் கணக்கு, உறங்கும் நேரம் முழுக்க.

இப்போதைய மாஸ்க்கைக் குறை சொல்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-இல் இந்தச் சிகிச்சையை முதலில் வெளியிட்டார். அந்தத் தொடக்க காலத்தில் நோயாளிகள் மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள்.

"கரண்ட் போச்சுன்னா செத்துருவனா?"

மாட்டீர்கள். மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில் காற்று நின்றால் தானே திறக்கும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க்கானால் வாயைத் திறந்தால் போதும், முட்டி முழித்துவிடுவீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம், சைன் வேவ் வகை நல்லது. டப்பாச் சூட்டையும் டியூப் சூட்டையும் அணைத்தால் மிஷின் இழுக்கும் கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கும். பேட்டரி விடியும்வரை தாங்கும்.

"குறட்டையே நின்னுட்டே, இனி எதுக்கு?"

பம்புசெட் ஓடும்வரைதான் வாய்க்காலில் தண்ணீர். மோட்டாரை நிறுத்தினால் குறட்டை திரும்ப வர ஓரிரு ராத்திரி போதும். உடம்பு நன்றாக இளைத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பாருங்கள்.

"மாட்டத்தான் செய்யுதேன், ஆனாலும் பகல்ல சொக்குது"

திரையில் மூன்று எண் பாருங்கள்: எத்தனை மணி நேரம், லீக் எவ்வளவு, ஏஎச்ஐ எவ்வளவு. ஏஎச்ஐ என்பது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5-க்குக் கீழே வர வேண்டும். 30-க்கு மேலே இருந்தால் கடுமை. மிஷின் போட்டும் தொடர்ந்து 5-க்கு மேலே நின்றால் அந்த எண்ணை போனில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆள் எடை போட்டிருக்கலாம்; மூளையிலிருந்து கட்டளை வராமல் மூச்சு நிற்கும் வேறு வகையாகவும் இருக்கலாம், அதற்கு மிஷினே வேறு.

மூன்று எண்ணும் நன்றாக இருந்தும் சொக்கினால் வேறு எதையாவது தேட வேண்டும். தைராய்டு, இரத்தச்சோகை, தூக்கம் தரும் மாத்திரை, ராத்திரி மது. அல்லது வெறும் நேரக் குறைவு. டீக்கடை அண்ணாச்சி ஒருவர் பதினொன்றுக்குக் கடை அடைத்து மூன்றரைக்குப் பால் வாங்கப் போகிறவர். அவருக்கு எந்த மிஷின் என்ன செய்யும்? கடைசிப் பையனைக் காலைக் கடையில் நிறுத்தினார், சொக்குவது நின்றது.

சொக்குகிற வரைக்கும் வண்டி ஓட்டாதீர்கள். நாலு வழிச்சாலையில் கண் ஒரு நொடி செருகினால் போதும்.

"திருச்செந்தூருக்குப் போறோம், ரெண்டு நாள் விட்டா என்ன?"

விட வேண்டாம், எடுத்துப் போங்கள். லாட்ஜில் பிளக் கட்டிலுக்கு எட்டாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று பையில் இருக்கட்டும். ரயில் பெட்டிப் பிளக்கில் 110 வோல்ட் வருவதுண்டு. மிஷின் அடாப்டரில் 100-240 என்று அச்சடித்திருந்தால் கவலையில்லை. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் அந்தப் பிளக்கை அணைத்துவிடுவதும் உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருகிறவர் அதற்கென்று விற்கும் சின்ன பேட்டரி வைத்துக்கொள்வதே நல்லது.

கிளம்பும் முன் தண்ணீர் டப்பாவைத் தனியே கழற்றிக் கொட்டித் துடைத்து வேறு பையில் வையுங்கள். தண்ணீரோடு மிஷினைச் சரித்தால் அது மோட்டாருக்குள் போகும். போன மாசி மகத்துக்குப் போன ஒரு குடும்பம் ஆட்டோவில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளம். லாட்ஜில் பிளக்கைச் செருகினால் தவளை கத்துகிற மாதிரி சத்தம். இப்போது அந்த மிஷின் என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. மோட்டார் மாற்ற வேண்டும்.